அமலோற்பவம் பூ வைத்துக்கொண்டாள்

"மூஞ்சிக்கு நேரா சொல்லிட்றேன், சம்பந்தி. கோயில்ல பொண்ணு கையப் புடிச்சு நீங்க கூட்டிக்கினு வர வேணாம்," என்றாள் மாப்பிள்ளையின் தாய் இருதயமேரி. "தாலி அறுத்தவங்க முன்னாடி நடந்து வந்தா நல்லாவா கீது?"

கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மண வாக்குறுதியைத் தாங்களே எழுதிப் படிப்பது, பாட்டுக் குழுவில் பறை சேர்ப்பது என்று மணப்பெண் தமிழ்நிலாவும் மாப்பிள்ளை புகழேந்தியும் அடுக்கிய ஆசைகளுக்கெல்லாம் தலையாட்டிய இருதயமேரி, பெண் தன் அம்மாவின் கை பிடித்து பீடம் வரை நடக்கும் ஆசைக்கு மட்டும் முரண்டு பிடித்தாள்.

தமிழ்நிலாவின் தாய் அமலோற்பவம் கையிலிருந்த தையலைக் கீழே வைத்தாள். தி. நகர்க் கடைக்கு ஜாக்கெட் தைத்தே மகளைத் தனியாளாய் வளர்த்தவள். அந்தப் பத்தடி நடையும் தனக்கில்லை என்றால் எப்படி?

"நான் தாலி அறுத்தவ இல்ல," என்றாள் பட்டென்று. "அவர் சாகல. ஓடிப்போய்ட்டார்."

தமிழ்நிலா வாயைப் பிளந்தாள்.

மகளுக்குப் பேச்சு வராத வயதில் சவரிமுத்து ஆதம்பாக்கத்தில் ஒருத்தியோடு போய்ச் சேர்ந்தான். புருஷன் விட்டுப்போனவள் என்ற பேருக்குப் பயந்து, பம்பாயில் லாரி மோதிச் செத்தான், அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள் அமலோற்பவம். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! வருஷந்தோறும் கல்லறைத் திருநாளில் அவன் ஆன்ம சாந்திக்குப் பூசையும் கொடுத்தாள். ஓடிப்போனவனுக்கு மோட்சத்துக்கு இவள் சிபாரிசு.

"அடப்பாவமே, உசுரோட கீறாரா?" இருதயமேரியின் முகம் மலர்ந்தது. "அப்போ அவரே கூட்டிக்கினு வரட்டும். அப்பங்காரன் இருக்கசொல்ல அம்மா எதுக்கு?"

உள்ளதும் போயிற்று. சரி, ஃபாதரிடம் சொன்னால் நியாயம் பேசுவார் என்று கோயிலுக்கு ஓடினாள்.

"மூணு ஞாயித்துக்கிழமை 'காலஞ்சென்ற சவரிமுத்துவின் மகள்'னு கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சேனேம்மா!" ஃபாதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "உயிரோட இருக்கிற ஆளுக்கா வருஷா வருஷம் பூசை வெச்சேன்?"

"அதனால அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காது, ஃபாதர்."

"அவருக்கு ஆகாது. ஆயர்கிட்ட பதில் சொல்றது யாரு? ஆளைக் கொண்டுவந்து என் கண்ணுல காட்டு. இல்லைன்னா ஓலை முதல்லேர்ந்து. நடுவுல தவக்காலம் வந்துடும், அதுல தாலி கட்ட முடியாது. கல்யாணம் ஈஸ்டருக்கு அப்புறம்தான்."

ஈஸ்டர் வரை இருதயமேரி பொறுக்க மாட்டாள். அதற்குள் புகழேந்திக்கு வேறு இடத்தில் பெண்ணே பார்த்துவிடுவாள்.

வீட்டில் தமிழ்நிலா அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தாளு கையப் புடிச்சா? நான் தனியாவே நடந்து போறேம்மா."

"கல்யாணம் நின்னுட்டா எங்கடி நடப்பே?"

அமலோற்பவம் பெட்டியின் அடியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்துக் கட்டினாள். மந்தைவெளியில் பஸ் ஏறுமுன் இரண்டு முழம் மல்லி வாங்கி, இத்தனை காலத்துக்குப் பிறகு தலையில் வைத்துக்கொண்டாள். பூக்காரி ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்கட்டும். எந்த மனிதனின் முகத்தில் முழிக்கக் கூடாது என்று கர்த்தரிடம் தினமும் மன்றாடினாளோ, அவன் காலிலேயே விழப் போகிறாள்.

ஆதம்பாக்கத்தில் கதவைத் திறந்தவள் பொன்மணி. அன்று புருஷனைக் கொண்டுபோனவள். தலை பாதி நரைத்திருந்தது.

"சண்டைக்கு வரலம்மா," என்றாள் அமலோற்பவம். "ஒரே ஒரு நாள் அவரைக் கொடு. பொண்ணைப் பீடம் வரைக்கும் கூட்டிக்கினு வரட்டும். அப்புறம் நீயே வெச்சுக்கோ. அவரைக் கூப்புடு."

பொன்மணி அவளுடைய சேலையைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். மெல்லக் கதவை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"உங்க வூட்ட வுட்டு வந்த வருசமே மாரடைப்புல பூட்டாரு, அக்கா. அவரு செத்துட்டார்னு இத்தினி வருசமா உங்களுக்கு யாருமே சொல்லலியா?"