கலங்கரை விளக்கின் கடைசித் துண்டு

காலை நடை முடித்துக் காலாற அமர்ந்திருக்கும் பெருமக்களே, செவி சாய்ப்பீராக. கடல் கடந்து நாடு வென்ற வேந்தரை இங்கே பாடவில்லை. சாப்பாட்டு மேசை மீது துண்டு துண்டாய்க் கிடந்த ஓர் அட்டைக் கடலையும், அதன் கரையில் முழங்கை ஊன்றி நின்ற ஒரு மாவீரரையும் பாடப் புகுந்தோம்.

வாழ்க அவர்! மூக்கு நுனியில் ஊசலாடும் கண்ணாடியர். முன்னந்தலையில் முழுநிலவு உதிக்கப்பெற்றவர். ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை செய்து, தம் தலைமுடிக் கணக்கை மட்டும் கோட்டைவிட்ட பெருந்தகை. முழுமை அவர் வலக்கை வாள், நடுநிலை அவர் இடக்கைக் கேடயம். அரைகுறை ஆவணங்கள் அவர் காலடியோசை கேட்டே அலமாரிக்குள் நடுங்கின. ஒருதலைப்பட்ச மேலாளர்கள் அவர் பேனா மூடி கழலும் சத்தத்தில் தண்ணீர் கேட்டனர். பணி ஓய்வு பெற்ற அன்று அந்த இரு சொற்களையும் அலுவலகத்திலேயே விட்டுவர மனம் ஒப்பாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார், ஒரு கைப்பிடி அலுவலகப் பேனாக்களோடு சேர்த்து.

எதிரி யார்? மாடி வீட்டில் வாழும் மைத்துனர். மனைவியின் உடன்பிறந்த தம்பி. பிறர் வாயின் பொந்துகளை அடைத்தே பேரும் புகழும் பெற்ற பல் மருத்துவர். எங்கே ஓட்டை கண்டாலும் அவர் விரல் தானாக நீளும் என்றால், அட்டைத் துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் புதிர்க் களத்தில் அவருடைய ஆற்றலை நாம் விளக்கவும் வேண்டுமோ?

இவ்விருவருக்கும் நடுவர், ஒருவருக்கு மனைவியாகவும் மற்றவருக்கு அக்காவாகவும் விளங்கிய அம்மையார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். பணி போனாலும் ஊதல் போகவில்லை. வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டு, பிறந்த வீடு புகுந்த வீடு என்ற பேதம் பாராமல் ஒலித்துவந்தது.

போரின் பொருள் யாதெனில், சன்னலோரச் சாய்வு நாற்காலி. தென்றல் தவழும் அரியணை. சாய்ந்தால் தொட்டில், நிமிர்ந்தால் கொலுமண்டபம். புதிரின் கடைசித் துண்டை எவர் வைக்கிறாரோ, அடுத்த புதிர் முடியும்வரை நாற்காலி அவருக்கே என்பது அவ்வீட்டுச் சட்டம். சென்ற முறை வென்றவர் மருத்துவர். அன்றுமுதல் நாள்தோறும் காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்து, செய்தித்தாளை விரித்து, "இங்க காத்து அருமையா வருது அத்தான்," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவார். அவ்வேளையில் நம் தலைவர், சொந்த வீட்டில், சொந்தக் காற்றுக்கு வெளியே, பிளாஸ்டிக் முக்காலியில் வீற்றிருப்பார். அந்த ஒரு வார்த்தை தைத்த புண்ணுக்கு மருத்துவம் எந்தப் பல் மருத்துவரிடமும் இல்லை.

இந்நிலையில்தான் தலைவரின் மகள் புதிய புதிர் ஒன்றை அனுப்பி வைத்தாள். ஆயிரம் துண்டுகள். சீறும் கடல், கருத்த வானம், நடுவே ஒரு கலங்கரை விளக்கம். பெட்டி திறந்ததும் மருத்துவர் ஓரத் துண்டுகளைப் பொறுக்கத் தாவினார். நம் தலைவர் என்ன செய்தார்? கேளுங்கள், ஆனால் அவருடைய பழைய அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கலங்கரை விளக்கின் உச்சியில் சுடர்விடும் அந்த மஞ்சள் விளக்குத் துண்டை இரு விரலால் கவர்ந்து, கோடு போட்ட சட்டைப் பையில் இட்டுக்கொண்டார்.

முழுமையின் காவலர் முழுமைக்கே வேட்டு வைத்தாரே என்று உங்கள் நெஞ்சம் பதைக்கும். அவர் நெஞ்சமும் பதைத்தது. ஒரு கோப்பைத் தேநீர் ஆறும்வரை பதைத்தது. பிறகு, 'இது மறைத்தல் அன்று. ஒத்திவைத்தல்,' என்று தமக்குத் தாமே ஒரு தணிக்கைக் குறிப்பு எழுதி, தாமே அதற்கு ஒப்புதலும் வழங்கினார். அன்று தொட்டு ஒவ்வொரு காலையும் சட்டை மாற்றும்போது விளக்குத் துண்டையும் புதுச் சட்டையின் பைக்கு மாற்றினார். இடையிடையே நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இதய நோயோ என்று அம்மையார் கவலையுற்று உப்பைக் குறைத்தார். அந்த உப்பில்லாச் சாப்பாட்டையும், புதிருக்கு மேசையைப் பறிகொடுத்த வீட்டில், மடியில் தட்டு வைத்துத் தின்றார் நம் வீரர். வெற்றிக்கு விலையுண்டு அல்லவா?

பல காலைகள் சென்றன. அந்தக் கோடு போட்ட சட்டையின் முறை மறுபடி வந்து போனது. இறுதிப்போர் நாளும் புலர்ந்தது.

அன்று நம் தலைவர் நீராடி, வெற்றித் திருநாளுக்கென்றே இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டை அணிந்து, கண்ணாடி முன் நின்று முகத்தில் ஒரு தற்செயல் வியப்பை வரவழைத்துப் பழகினார்: 'அடடா, கடைசித் துண்டு இங்கேயா இருந்தது!' பழகிப் பழகி மெய்யாகவே வியந்துபோனார். கொல்லைப்புறத்தில் சலவை இயந்திரம் போர்முரசமாய் உறுமியது. புறப்பட்டார் களத்துக்கு.

அம்மம்ம, அந்தப் போரை என்னென்பது! கைகள் மேகத்தில் மோதின, அலையில் புரண்டன. வானத்தின் நீலமும் கடலின் நீலமும் ஒன்றையொன்று ஏமாற்ற, இருவர் மணிக்கட்டும் மதயானைத் துதிக்கைகளெனப் பின்னிப் பிரிந்தன. கடற்பறவையின் அலகை மருத்துவர் நட்டார். பாறையின் முதுகை நம்மவர் நிமிர்த்தினார். குவியல் சிறுத்தது, மேசையின் மரம் தெரிந்தது, பிறகு துண்டுகளே இல்லை.

படத்திலோ இரண்டு துளைகள். விளக்கின் உச்சியில் ஒன்று, படகின் நடுவில் ஒன்று.

இருவரும் ஒருவரையொருவர் நோக்கினர். அவ்வளவு தூய்மையான முகங்களைத் தொட்டிலிலும் காண இயலாது. உடனே இருவரும் மேசைக்கடியில் பாய்ந்து, ஒளித்து வைத்ததைத் தேடும் உன்னத நாடகத்தைத் தொடங்கினர். பாய் உதறப்பட்டது, செருப்புகள் கவிழ்க்கப்பட்டன, தலைகள் முட்டிக்கொண்டன.

ஊதல் ஒலித்தது.

"ரெண்டு பேரும் வெளியே வாங்க. வந்து, எதை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்களோ எடுங்க," என்றார் நடுவர்.

"அக்கா, நானா?"

"நீதான்டா. சின்ன வயசுல சதுரங்கக் குதிரையைச் சட்டைக்குள்ள போட்டவன் நீ."

தலைகுனிந்த மருத்துவர், தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து படகின் துண்டை எடுத்து வைத்தார். ஒரு துளை அடைபட்டது.

ஆகா! விதியே, உன் விளையாட்டே விளையாட்டு! எஞ்சியது ஒரே துளை. ஆகவே கடைசித் துண்டு நம் தலைவருடையது. ஆகவே நாற்காலி அவருடையது! கூச்சத்தை உதறி நிமிர்ந்தார், நெஞ்சு விம்மினார், கொடியேற்றும் தளபதியென வலக்கை உயர்த்தி, வெள்ளைச் சட்டையின் பைக்குள் விட்டார்.

பையில் பை மட்டுமே இருந்தது.

வியப்பு முகம் வந்தது. இது பழகியதன்று.

"நேத்து போட்டிருந்த கோடு போட்ட சட்டை எங்க?" என்றார், குரல் தேய.

"காலையிலேயே மெஷின்ல போட்டாச்சு. ஏங்க?"

முரசம் அப்போதுதான் ஓய்ந்தது. ஓடினார் தலைவர், ஈரச் சட்டைகளின் சிக்கலுக்குள் தோள்வரை மூழ்கினார், மீண்டபோது உள்ளங்கையில் மஞ்சள் கலந்த ஒரு கூழ் உருண்டை இருந்தது. அதை விளக்கின் உச்சியில் அப்பி, கட்டைவிரலால் நீவினார். மருத்துவர் குனிந்து தொழில்முறையில் பார்த்தார்.

"இது பல்லா இருந்தா பிடுங்கிடலாம்னு சொல்லிடுவேன் அத்தான்."

"சாராம்சத்துல முழுமைதான் மச்சான்," என்றார் நம் தலைவர். முழுமையின் வாள் அவர் கையிலேயே வளைந்த கணம் அது. ஒரு கணக்காளர் இந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் அவரை மூன்று பக்கத்துக்கு வைது எழுதியிருப்பார்.

அம்மையார் படத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு தீர்ப்பு வழங்கினார்:

"முடிக்காத புதிருக்கு நாற்காலி கிடையாது. புருஷன்னும் பார்க்கல, தம்பின்னும் பார்க்கல."

சொல்லிவிட்டு, சன்னலோரம் சென்று, அரியணையில் தாமே அமர்ந்து கால் நீட்டினார். தென்றல், அதுவும் நடுநிலை பிறழாமல், அவர் மீது வீசிற்று. மருத்துவர் செய்தித்தாளோடு முக்காலியில் ஒடுங்கினார். மண்ணாண்ட மன்னரும் மாண்டனர், மணிமுடிகளும் உருண்டன, முழுமையும் நடுநிலையும் ஒரே நாற்காலியில் கண்மூடி இளைப்பாறின. தணிக்கைக் குலத்தின் தனிப்பெருஞ்சுடரோ, உள்ளங்கைக் கூழை வேட்டியில் துடைத்தபடி வாசற்படியில் நின்று, தம் வாழ்வையும் அறிக்கைகளையும் ஒருமுறை மீள்பார்வை செய்தது.

"இங்க காத்து அருமையா வருதுங்க," என்றார் அம்மையார், கண் திறவாமலே. "துணியெல்லாம் நல்லா காயும்."

தலைவர் போய்த் துணியைக் காயப்போட்டார்.