நாக்கை நீட்டுங்க, மிஸ்

சுத்தமாகத் திரும்பி வரும் டிபன் டப்பாவை நம்பவே கூடாது. நாலு பருக்கை ஒட்டியிருந்தால் நம்பலாம். ஓரமாகக் கறிவேப்பிலை ஒதுங்கிக் கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். உள்ளே முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்கிற மாதிரி வந்தால் மட்டும் உஷாராக வேண்டும். நானும் உஷாராகத்தான் இருந்தேன். அதில்தான் என் மானம் போனது.

அப்போது நாங்கள் சிட்லபாக்கத்தில் குடியிருந்தோம். நான் திருமுடிவாக்கத்தில் வால்வு செய்யும் பட்டறையில் பிட்டர். மனைவி எஸ்தருக்குத் தாம்பரத்தில் துணிக்கடை வேலை. ஒரே மகள் ஷீபா எட்டாம் வகுப்பு. ஒருநாள் காலைப் பிரேயரில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். பள்ளிக்கு வந்து பார்க்கிற டாக்டரம்மா ரத்தம் சோதித்துவிட்டு எஸ்தரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. வளர்ற பொண்ணு. கீரை, சுண்டல், முட்டை, பேரீச்சம்பழம்னு குடுங்க. கேட்டுக்கு வெளியே விக்கிற பொரிச்சது எல்லாத்தையும் நிறுத்துங்க. கொஞ்ச நாள் பாக்கலாம். ஏறலேன்னா பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும்."

பெரிய ஆஸ்பத்திரி என்ற சொல் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. பயம் வந்தால் எஸ்தர் ஜெபம் செய்வாள். எனக்குச் சந்தேகம் வரும். மருந்துக்கடைக்காரர் மேல், பால்காரர் மேல், கீரைக்கட்டின் மேல்கூட வரும் (உள்ளே புல்லு வச்சுக் கட்டியிருப்பானோ?).

அன்று முதல் எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை ஆட்சி. கீரை அடை, கீரைச் சாதம், கீரை போட்ட சுண்டல். வேலைக்குப் போகும் அவசரத்தில் எஸ்தர் முறை ஒருநாள், என் முறை ஒருநாள் என்று சமைத்தோம். ஷீபா தட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"தினமும் இலையா? நான் என்ன ஆடாப்பா?"

ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு வாய் கீரை உள்ளே போவதற்குள் டி.வி.யில் ஒரு சீரியலே முடிந்துவிடும். கீரையைத் தட்டின் ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் வரிசையாக நிறுத்தி வைப்பாள். ஆனால் மத்தியானம் கட்டிக்கொடுத்த டப்பா மட்டும் சாயந்திரம் பளபளவென்று வந்தது. மூடியின் ரப்பர் வளையத்துக்குள்கூட ஒரு துளி பச்சை இல்லை. மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை.

"யாரும்மா கழுவினது?"

"நான்தான்பா."

டீ குடித்த டம்ளரைக் கழுவப் போடவே மூன்று தடவை கத்த வேண்டிய பெண், ரப்பரைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டு வருகிறாளாம். எஸ்தரிடம் முறையிட்டேன்.

"பிள்ளை சாப்பிடலேன்னாலும் சந்தேகம், சாப்பிட்டாலும் சந்தேகமா? பேசாம படுங்க" என்றாள்.

பட்டறையில் என் பக்கத்து மேஜை மணியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் கேட்டவுடன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"டப்பா க்ளீனா வருதா? அப்ப கண்டிப்பா மேட்டர் கீதுண்ணா. குப்பைத் தொட்டில கொட்டிட்டு, வெளிய போண்டா துன்னுகினு இருக்கும். நீ கையும் களவுமா புடி."

"எப்படிடா பிடிக்கிறது? ஸ்கூலுக்குள்ள போக முடியுமா?"

"அது உன் வேலை. நீ தானே இங்க எல்லாத்தயும் நோண்டி நோண்டிப் பாக்கற ஆளு."

அது உண்மைதான். என் வேலையே அது. வால்வின் மூடியும் அது உட்காரும் இடமும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஒரு பக்கம் நீலப் பசையைத் தடவி மூடியை வைத்து ஒரு திருப்பு திருப்பி எடுப்போம். நீலம் ஒட்டின இடம் தொட்டிருக்கிறது. ஒட்டாத இடம் தொடவில்லை. அங்கே வாய்ப்பேச்சு செல்லாது.

கையில் இருந்த நீலத்தைப் பார்த்தேன். எனக்குள் விளக்கு எரிந்தது. பிள்ளை வாய்க்குள் நீலப் பசை தடவ முடியாது. ஆனால் பீட்ரூட் இருக்கிறதே!

அந்த வாரமே பள்ளியில் ஆரோக்கிய உணவு நாள் என்று விழா வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெற்றோர் வர வேண்டும். எஸ்தருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போக வேண்டியதாயிற்று. என் சங்கதி தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பஸ்ஸில் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கும் டீச்சரைக் கண்டால் கை தானாகக் கட்டிக்கொள்ளும். ஆனாலும் போக ஒப்புக்கொண்டேன். சாப்பாடு முடிந்த சூட்டோடு மகளின் நாக்கைப் பார்த்துவிடலாமே!

அன்று காலை சமையல் என் முறை. பீட்ரூட்டைப் பச்சையாகவே துருவித் தயிர்ப் பச்சடி. சாதத்திலும் துருவல். அப்புறமும் நம்பிக்கை வராமல் இரண்டு பீட்ரூட்டைப் பிழிந்து அந்தச் சாற்றைச் சாதத்தில் ஊற்றிக் கிளறினேன். டப்பாவைத் திறந்து பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. என் கை இரண்டும் மணிக்கட்டு வரை சிவந்துவிட்டது. தேங்காய் எண்ணெய், சோப்பு, சாம்பல் எதற்கும் போகவில்லை. பட்டறையில் மணி பதறிப் போனான்.

"இன்னாண்ணா, யாரையாவது போட்டுட்டியா?"

அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பெரிய ஹால். கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பிடித்துக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகள் காய்கறி வேடம் போட்டு மேடையில் வந்தார்கள். தக்காளி, கேரட், பூசணிக்காய். ஷீபா பச்சை அட்டையைச் சுற்றிக்கொண்டு முருங்கைக்காயாக வந்தாள். (வீட்டில் அதைத் தொட மாட்டாள், மேடையில் அதுவாகவே நின்றாள்!)

டாக்டரம்மா மைக்கைப் பிடித்தார். ரத்தம் குறைந்தால் நாக்கு எப்படி வெளுத்துப்போகும் என்று விளக்கிவிட்டு, "எங்க, காய்கறியெல்லாம் நாக்கை நீட்டுங்க பாக்கலாம்" என்றார்.

எனக்கென்றே ஏற்பாடு செய்த மாதிரி இருந்தது. தூணைப் பிடித்து எழுந்து எட்டிப் பார்த்தேன். டாக்டரம்மா ஷீபாவின் முன்னால் நின்றார். "அடடே, இந்த முருங்கைக்காய் நாக்கு நல்ல நிறமாயிடுச்சே! போன தடவை வெள்ளையா இருந்தது. இன்னிக்கு எடுத்த ரத்தத்துலயும் நல்லா ஏறியிருக்கு" என்றார். ஹாலே கைதட்டியது.

நான் தட்டவில்லை. அவ்வளவு நாளாக எந்தச் செய்திக்காக ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தேனோ, அந்தச் செய்தி மைக்கில் வந்தது. என் காதில் அது ஏறவில்லை. என் கண் நாக்கிலேயே இருந்தது. சாதாரண நாக்கு. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற நாக்கு. பீட்ரூட் பட்ட சுவடே இல்லை. நீலம் ஒட்டவில்லை என்றால் தொடவில்லை. அவ்வளவுதான். அப்படியென்றால் என் பச்சடி எங்கே?

அடுத்து வகுப்பு டீச்சர் வசந்தி மிஸ் வந்தார். "பெற்றோர்களுக்கு என் அன்பான வணக்கம்" என்று வாயைத் திறந்தார். பல் சிவப்பு. உதட்டின் உள்பக்கம் சிவப்பு. வணக்கத்தின் போது தெரிந்த நாக்கு, அப்போதுதான் ரத்தம் குடித்துவிட்டு வந்த மாதிரி.

எனக்குள் எல்லாம் ஒரு நொடியில் பொருந்திவிட்டது. என் பிள்ளையின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்கிறார் டீச்சர்! தின்றுவிட்டு, ஆரோக்கிய உணவு பற்றி மைக்கில் பேசுகிறார்!

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் மிஸ்.

என் கை மேலே போனது. நான் தூக்கவில்லை, அதுவே போனது. மணிக்கட்டு வரை சிவந்த கை. முன்வரிசை அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்து, "ஐயையோ, அந்த அண்ணனுக்கு அடிபட்டிருக்கு!" என்று அலறினார். யாரோ மைக்கைக் கொண்டுவந்து வாய்க்கருகே பிடித்துவிட்டார்கள். வாழ்நாளில் முதல் மைக். என்ன பேசலாம் என்று யோசிப்பதற்குள் என் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"நாக்கை நீட்டுங்க, மிஸ்."

ஹாலில் இருந்த தலையெல்லாம் தூண் பக்கம் திரும்பியது.

"சார்?" என்றார் மிஸ்.

"உங்க நாக்கை... கொஞ்சம் நீட்டிக் காட்டுங்க."

"யோவ், இன்னாய்யா பேசற டீச்சர் கிட்ட?" என்று ஓர் ஆள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேடையில் முருங்கைக்காய் வளைய முடியாமல் தவித்தபடி, "அப்பா! உக்காருப்பா!" என்று கத்தியது. அதுவரை நான் யாருடைய அப்பா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குறையும் தீர்ந்தது.

"அது என் பொண்ணோட பீட்ரூட்டு" என்றேன். மைக் இன்னும் வாய்க்கருகிலேயே இருந்தது.

வசந்தி மிஸ்ஸுக்கு இப்போது புரிந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஆமா சார், உங்க வீட்டு பீட்ரூட்தான். ஷீபா டப்பாவைத் திறக்கவே மாட்டேன்னுட்டா. கீரை வந்த முதல் நாளே பார்த்துட்டேன். அப்புறம் நான் என் டப்பாவை அவ கிட்ட குடுத்துட்டு அவ டப்பாவை வாங்கிக்கிட்டேன். இப்ப தினமும் ஒரு பருக்கை விடாம சாப்பிடுறா."

"உங்க டப்பாவுல அப்படி என்ன மிஸ் இருக்கு?"

"முருங்கைக்கீரைதான் சார். எங்க வீட்லயும் அதுதான்."

ஹால் சிரிக்க ஆரம்பித்தது. எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. மானம் போன பிறகு அதை மட்டும் வைத்திருப்பானேன்?

"அப்ப டப்பா ஏன் அவ்ளோ பளபளன்னு வருது?"

"அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவாம எப்படி சார் திருப்பிக் குடுக்கறது?"

அங்கேதான் நான் செத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுக்கிறவள் என் எஸ்தர். பளபளக்கிற பாத்திரம் என்றால் அடுத்த வீட்டுக்குப் போய் வந்தது என்று அர்த்தம். குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் குப்பைத் தொட்டியையும் போண்டாக் கடையையும் யோசித்தேனே தவிர, அன்பாக ஒருவர் தேய்த்துக் கழுவியிருப்பார் என்று யோசிக்கவே இல்லை.

மெதுவாக வெளியே நழுவப் பார்த்தேன். டாக்டரம்மா விடவில்லை. "சார், டீச்சர் நாக்கை எல்லாரும் பாத்தாச்சு. இப்ப நீங்க நீட்டுங்க" என்றார். ஹால் மறுபடி கைதட்டியது. வேறு வழியில்லாமல் நீட்டினேன். அவர் கிட்டே வந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"டீயும் பன்னும்."

"நேத்து?"

"டீயும்... பன்னும்."

"பொண்ணுக்கு இல்ல சார் இப்ப, உங்களுக்குத்தான் ரத்தம் கம்மி. நாளைக்கு வந்து டெஸ்ட் எடுங்க."

எடுத்தேன். கம்மிதான்.

விழா நடந்த அன்று சாயந்திரம் வீடு வரும் வழியில் ஷீபா எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு ஓடிவிட்டாள். அதற்குள் செய்தி எஸ்தர் கடை வரை போயிருந்தது.

அன்று தொடங்கியது இன்றுவரை ஓயவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும் மச்சான் வாசலில் செருப்பைக் கழற்றியதும் எனக்கு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசையில் ஆறேழு நாக்கு தெரியும். ஷீபா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். எங்கே எது கிடைத்தாலும் கீரையைத் தேடிச் சாப்பிடுகிறாள், எங்கள் வீட்டுக் கீரையைத் தவிர. வசந்தி மிஸ்ஸை வழியில் பார்த்தால் நான் கையைக் கட்டிக்கொள்கிறேன், அவர் வாயைப் பொத்திக்கொள்கிறார்.

எனக்கும் டப்பா கட்டுகிறாள் எஸ்தர். தினமும் முருங்கைக்கீரை. நானும் சாப்பிட முயன்று பார்த்தேன். ஒருநாள் மணி தன் டப்பாவைத் திறந்தான். அதிலும் முருங்கைக்கீரைதான். ஆனால் அவன் பெண்டாட்டி கை வேறு. "மாத்திக்கலாமாண்ணா?" என்றான். மாற்றிக்கொண்டோம். சாப்பிட்டு முடித்ததும் அவன் என் டப்பாவைப் பைப்படியில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் தந்தான்.

போன வாரம் சாயந்திரம் எஸ்தர் என் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். ரப்பரைக் கழற்றிப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூடியைப் போட்டு உள்ளே வைத்தாள்.

மறுநாள் காலை சமையலறையில் எதையோ துருவும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எஸ்தரின் கை இரண்டும் மணிக்கட்டு வரை சிவந்திருந்தது.