பதினோரு பிள்ளைகளும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

அன்று காலை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வீட்டில் ஒன்று அந்தப் பதினோரு பிள்ளைகள் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன். இதை என் மனைவி வீரம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என் துணிமணிதான் வாசலுக்கு வரும்.

நான் ஒரு கிடங்கில் ராத்திரி ஜாகா, அதாவது காவல்காரன். ஊர் தூங்கும்போது விழித்திருப்பது என் வேலை. ஊர் விழித்திருக்கும்போது தூங்குவது என் உரிமை. அந்த உரிமையைத்தான் அவள் பறித்துவிட்டாள். புந்தோங்கில் எங்கள் பலகை வீட்டுக் கூடத்தில், பேக்டரிக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். முதலில் இரண்டு. பிறகு ஐந்து. எண்பத்தாறாம் வருஷம் பதினொன்று. ஒன்று அழுதால் மற்ற பத்தும் துணைக்கு அழும். பாப்பா என்று ஒரு இரண்டு வயதுக்காரி, நான் உயிரோடு இருக்கிறேனா என்று மூக்கில் விரலை விட்டுப் பார்ப்பாள்.

"வீரம்மா, இது வீடா, எஸ்டேட் ஆயாக்கொட்டாயா?"

"ஆயாக்கொட்டாய்தாங்க. எங்கம்மா எஸ்டேட்டுல ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போனப்ப எவளோ ஒருத்தி என்னைப் பார்த்துக்கிட்டா. இப்ப நான் பார்க்குறேன். உங்களுக்கு என்னா?"

"தூக்கம் இல்லலா!"

"காதுல பஞ்சு வைங்க."

வைத்தேன். பாப்பா பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் சன்னாசியிடம் போய்ப் புலம்பினேன். மலாய் நன்றாக எழுதுவான். ஊருக்கே விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பவன்.

"மச்சான், பிள்ளை பார்க்குற இடத்தை இப்பப் பதியணும், தெரியுமா? பதியாத இடத்தைப் பத்திச் சமூகநல இலாகாவுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போடு. நாலு நாள்ல வந்து நிப்பாங்க."

"என் பேரு வெளிய வந்துருமே?"

"மொட்டைக்கு ஏது மச்சான் முடி!"

அவனே எழுதினான். நான் சொல்லச் சொல்ல எழுதினான். வேலி கிடையாது. கூரை ஒழுகுகிறது. கக்கூஸ் ஒன்றுதான். பிள்ளைகளுக்குப் படுக்க இடமில்லை. ஆனால் நல்ல அறையில் ஒரு ஆள் பகல் முழுக்கக் குறட்டை விடுகிறான். இந்தக் கடைசி வரி சன்னாசியின் கைச்சரக்கு. கேஸ் பலமாக இருக்கும் என்றான்.

ஐந்தாம் நாள் ஜீப் வந்து நின்றது. புனிதவதி என்ற அதிகாரி இறங்கினார். யாழ்ப்பாணத் தமிழ். நான் அறைக் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

"இந்த இடம் சரியில்லையெண்டு கடிதம் வந்திருக்கு. வேலி இல்லை, கூரை ஒழுகுது. உண்மையோ?"

வீரம்மா பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் உண்மைம்மா. மூடிருங்க. பதினோரு பிள்ளையையும் உங்க ஜீப்பிலயே ஏத்திவிடுறேன். இவ அம்மா மாரியம்மாவுக்குப் புருஷன் இல்ல. ரெண்டு நாள் வராட்டி பேக்டரியில ஆள் மாத்திருவாங்க. அவகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. ஒழுகாத கூரை உள்ளவங்க மட்டும்தான் பிள்ளை பார்த்துக்கணும்னு சட்டம் சொல்லுதா? படிச்சுக் காட்டுங்க, கேட்டுக்கிறேன்."

நான் தோற்றால் நல்லது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரே நிமிஷம்தான்.

அதிகாரி பைலைப் புரட்டினார். "பதிவுக்கும் உதவித்தொகைக்கும் நீங்கள் மனுப் போட்டிருக்கிறியள்தானே?"

"எட்டு மாசமாச்சும்மா."

"மனு வரிசையிலதான் வரும். புகார் எண்டால் உடன வந்து பார்க்கவேணும். பார்த்திட்டன். என்னென்ன செய்யவேணுமெண்டு இந்தக் கடிதத்திலயே வடிவா எழுதிக் கிடக்கு. கூரை, வேலி, கக்கூஸ் மூண்டுக்கும் உதவி கேட்டு எழுதுறன். தாய்மாருக்கும் கட்டணத்தில ஒரு பங்கு அரசாங்கம் குடுக்கும். ஆனா, பிள்ளையள் படுக்க ஒரு அறை வேணும்."

"இருக்கேம்மா!" வீரம்மா என் கதவைத் திறந்தாள். நான் முட்டி போட்டபடி இருந்தேன்.

"ஓ, குறட்டை விடுற ஆள் இவர்தானோ?" என்றார் அதிகாரி.

ஜீப் போனதும் சன்னாசியின் சட்டையைப் பிடித்தேன். "துரோகி!"

"நான் என்னா மச்சான் செய்யட்டும்? தங்கச்சி வீரம்மாவோட மனுவை எழுதினதும் நான்தான். அசையல. புகார் போனாத்தான் ஜீப்பு வரும்னேன். 'அப்ப அவரை வச்சே போட்ருங்க அண்ணே'ன்னுச்சு."

வீட்டுக்கு ஓடினேன். "என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நகர மாட்டீங்க. குத்தம் சொல்லணும்னா மட்டும்தான் உங்களுக்குக் காலு முளைக்கும். சரி, இந்தப் பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க. உதவிக்கு ஒரு ஆள் வேணுமாம். மனுவுல உங்க பேருதான் இருக்கு."

நிமிர்ந்து நின்றேன். "முடியாது! தலையே போனாலும் நான் அதுல கையெழுத்துப் போட மாட்டேன்!"

"எட்டு மாசத்துக்கு முன்னாடியே போட்டுட்டீங்க," என்றாள் வீரம்மா. "தூக்கக் கலக்கத்துல."