நைலானக்காவும் ஆட்டுத்தோல் நாற்காலியும்

அன்றைக்கு அந்த ஏ.சி. அறைக்குள் இருந்தவர்கள்: தோல் தொழிற்சாலை முதலாளியின் மகன் சின்ன பாய். கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் ஸ்டெல்லா. எங்களுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொடுத்த மெட்ராஸ் சார். அவரிடம் படித்த மூன்று பேர்: ஜோலார்பேட்டையிலிருந்து வந்து போகும் ரயில்வேக்காரர் மகன் தேவராஜ், நான், நைலானக்கா. ஏழாவதாக, மேஜை மேல் பேச்சு மூச்சில்லாமல் கிடந்த கம்ப்யூட்டர்.

இந்த ஏழு பேரில் யாருக்கும் பயப்படாத ஒரே ஜீவன் நைலானக்கா. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் அவளைப் பார்த்துப் பயப்படாத மனிதனும் கிடையாது, இயந்திரமும் கிடையாது.

நைலான் கட்டுவதால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். நைலானைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கல்யாணத்துக்கு முன்னால் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவள். அந்தக் காலத்தில் மயக்கம் கொடுக்க ஈதர் வைத்திருப்பார்கள். ஒரு பொறி பட்டால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். நைலான் சேலை உரசினால் பொறி வரும் என்பதால் தியேட்டருக்குள் நைலானுக்குத் தடை. மற்ற நர்சுகளும் ஆயாக்களும் அந்தச் சட்டத்தை தியேட்டர் வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நம்ம அக்கா கையோடு எடுத்துக்கொண்டு ஆம்பூருக்கே வந்துவிட்டாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நைலக்ஸ் சேலை வந்து உட்கார்ந்தால் மாதனூர் வரைக்கும் நின்றுகொண்டே போவாள். துணி காயப்போட நைலான் கயிறு கட்டியதற்காக வாடகை வீட்டின் சொந்தக்காரரோடு சண்டை போட்டு வீடு மாறினாள்.

அப்பேர்ப்பட்டவள் எதற்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் படிக்க வந்தாள் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆளுங்களைத் தொறந்து பாத்து அலுத்துப்போச்சுடா. மிஷினு தேவலை. தொறந்தா ரத்தம் வராது, மூடினப்புறம் வாசல்ல சொந்தக்காரன் அழுதுனு நிக்க மாட்டான்."

நான் வந்த கதை வேறு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இதே சின்ன பாயின் தொழிற்சாலையில் தோலைத் தேய்த்து மழமழப்பாக்கும் பஃபிங் பிரிவில் தூசியோடு தூசியாக இருந்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். தேய்க்கும் உருளைக்குப் பயம், இருமலுக்குப் பயம், இருமல் நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று பயம். எண்பதுகளின் கடைசியில், ஷூ சோல் விற்கும் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வகுப்பு தொடங்குகிறார்கள் என்றதும், எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, வேலையை விட்டுவிட்டேன். மேஸ்திரி ஒன்றுதான் சொன்னார்: "போறதுன்னா ஒரேடியா போய்டு. திரும்பி வந்து இங்க தலையைச் சொறிஞ்சினு நிக்காத." அன்றிலிருந்து அந்த மாடிப்படியை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை.

முதல் நாள் வகுப்பு. மெட்ராஸ் சார் பளபளவென்று நைலான் சட்டையோடு உள்ளே வந்தார். வயது என்னைவிடக் கம்மி. "குட் மார்னிங்" என்று ஆரம்பித்தவரை அக்கா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"சார், சட்டையைக் கழட்டுங்க."

"என்னது?"

"நீங்கதானே நேத்தே போர்டுல எழுதிப் போட்டிருக்கீங்க, உடம்புல இருக்கற கரண்டு சிப்புக்கு ஆவாதுன்னு? இதைப் போட்டுனு நீங்க மிஷினைத் தொட்டா, அது இன்னாத்துக்கு ஆவும்?"

சார் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். ஏனென்றால் அவள் சொன்னது அவர் எழுதிய பாடமேதான். முதல் வகுப்பை பனியனோடு நடத்தினார். மறுநாள் அக்கா தன் வீட்டுக்காரரின் பருத்திச் சட்டை ஒன்றைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரர் ஆள் வாட்டசாட்டம். பயிற்சி முடியும் வரைக்கும் சார் அந்தச் சட்டைக்குள் எங்கேயோ இருந்து பாடம் நடத்தினார்.

பாடம் சாருடையது, சட்டம் அக்காவுடையது. முதல் சட்டம், பிளக்கைப் பிடுங்கி ஒருத்தர் கையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தேன் என்றெல்லாம் வாயால் சொன்னால் செல்லாது. இரண்டாவது, மென்மையான எதையும் தொடுவதற்கு முன்னால் இரும்பைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். மூன்றாவது சட்டம்தான் பேஜார். ஆபரேஷன் முடிந்து வயிற்றைத் தைப்பதற்கு முன் பஞ்சு, கத்தரி எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பார்களாம். ஒன்று குறைந்தாலும் தைக்கமாட்டார்களாம். அதேபோல் அக்கா ஒரு ஸ்டீல் தட்டு வைத்திருப்பாள். கழற்றுகிற ஸ்க்ரூ எல்லாம் அதில் விழ வேண்டும். மூடுவதற்கு முன், "கவுண்ட்!" என்று ஒரு கத்தல். கீழே சோல் வாங்க வந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் சின்ன பாயின் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. மெட்ராஸ் சார் போய் மெமரி சிப்பை மாற்றினார். ஒரு வாரம் ஓடியது, செத்தது. மறுபடி மாற்றினார். மறுபடி செத்தது. எங்கள் வகுப்புக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். மூன்றாம் முறை ஆள் அனுப்பியபோது நாங்கள் எல்லோருமே போனோம்.

சின்ன பாய் வாசலிலேயே மறித்தார். "இத பாரு மாஸ்டர். சாயங்காலத்துக்குள்ள கப்பலுக்குப் போற பேப்பர் பிரிண்ட் ஆவணும். மிஷினு நின்னு ஓடுச்சுன்னா, உன் பசங்கள்ல ஒருத்தனை இங்கயே பர்மனென்டா வெச்சுக்கறேன். இன்னொரு தபா போச்சு, டப்பாவையும் உன் கிளாஸையும் சேத்துத் தூக்கி பாலாத்துல போட்ருவேன்."

பர்மனென்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

சார் மூன்று பேரையும் பார்த்தார். தேவராஜிடம் அக்கா ஏற்கெனவே பிளக்கைக் கொடுத்துவிட்டாள். அவன் அதை ஸ்டேஷன் மாஸ்டர் கொடி பிடிப்பதுபோல் தூக்கிப் பிடித்து நின்றான். அக்கா கையில் தட்டு. மிச்சம் நான்தான்.

"நீ மாத்துப்பா" என்றார் சார்.

"சார், எனக்குக் கை..."

"ஆடட்டும்" என்றாள் அக்கா. "ஆடற கைக்கு ஒரு கட்டு போட்டாப் போச்சு. பாய், உங்க வாட்ச்சைக் கழட்டுங்க."

"என் வாட்ச் எதுக்கும்மா? துபாய் வாட்ச் அது!"

"எதுவா இருந்தா இன்னா? செயின் இரும்புதானே?"

துபாய் வாட்ச் என் மணிக்கட்டில் ஏறியது. அதன் சங்கிலியில் ஒரு வயரைச் சுற்றி, மறுமுனையைக் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியில் மாட்டப் போனாள். சார் குறுக்கே பாய்ந்தார்.

"அக்கா, நில்லுங்க! நேரா கட்டக் கூடாது. எங்கயாவது கரண்ட் லீக் ஆச்சுன்னா இவன் போய்டுவான். நடுவுல பெரிய ரெசிஸ்டர் ஒண்ணு வைக்கணும்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இம்மாம் முக்கியமான விஷயத்தை இவ்ளோ நாளா சட்டைக்குள்ள வெச்சுனு இருந்தீங்களா?"

சார் ரெசிஸ்டரைப் பற்றவைத்தார். நான் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெட்டியைத் திறந்து, மரவட்டை மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த அந்தக் கறுப்புச் சிப்பை நெம்பி எடுத்து, புதியதை உட்காரவைத்தேன். தேவராஜ் முனகினான்.

"அக்கா, கை வலிக்குது."

"ரயிலு போற வரைக்கும் கொடியை இறக்காதடா."

சிப் உட்கார்ந்தது. ஒரு கால்கூட மடங்கவில்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூடிவிடலாம் என்று மேல்மூடியை எடுத்தேன்.

"கவுண்ட்!"

எண்ணினோம். ஒரு ஸ்க்ரூ குறைந்தது.

சின்ன பாய் கடிகாரம் பார்க்க மணிக்கட்டைத் திருப்பினார். அது என் கையில் இருந்தது. "அரே, ஒரு ஸ்க்ரூதானேம்மா! இருக்கறதைப் போட்டு மூடுங்க. டைம் ஆவுது."

"அது உள்ள கெடந்து ரெண்டு காலு நடுவுல ஒக்காந்துச்சுன்னா? ஸ்க்ரூ கெடைக்காம மூட விட மாட்டேன்."

"முதலாளி நானா, நீயா?"

"வெளிய நீங்க. தொறந்த மிஷினுக்கு முன்னாடி நான்."

அறையே தரையில் இறங்கியது. மேஜைக்கு அடியில் சார், பீரோவுக்குப் பின்னால் ஸ்டெல்லா, பிளக்கை உயர்த்திப் பிடித்தபடியே குனிந்த தேவராஜ். இயந்திரத்தோடு வயரால் கட்டப்பட்டிருந்ததால் நான் மட்டும் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றேன். என் கையிலிருந்து நழுவியதுதானே, அதோடு வேலையும் நழுவியது என்று நினைத்துக்கொண்டேன்.

சின்ன பாய் நாற்காலிப் பக்கம் போய் மண்டியிட்டார். அது சாதாரண நாற்காலி இல்லை. தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று, அதற்கு மரியாதையாக இருக்கட்டும் என்று, ரோமம் எடுக்காமல் பதம் போட்ட முதல்தரமான செம்மறியாட்டுத் தோல் ஒன்றை அதன்மேல் விரித்திருந்தார்கள். தோல் தொழிற்சாலைக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய மரியாதை அது. அவர் அந்த அடர்த்தியான ரோமத்துக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவு துழாவென்று துழாவினார்.

"மிலா! கெடைச்சுது!" என்று ஸ்க்ரூவை எடுத்துத் தூக்கிக்கொண்டு, எழுந்திருக்க ஸ்டீல் பீரோவைப் பிடிக்கப் போனார்.

டிக்.

ஸ்க்ரூவுக்கும் பீரோவுக்கும் நடுவில் நீலமாக ஒரு பொறி. சின்ன பாய் துள்ளி விழுந்தார். "யா அல்லா! கடிச்சுது!"

பீரோவுக்குப் பின்னாலிருந்து ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு தினமும் கடிக்குது சார். இந்தச் சேர்ல இருந்து எழுந்து மிஷினைத் தொட்டா சுரீர்னு இழுக்குது. நான் கை வெச்சா மிஷினு நிக்குதுன்னு ஆபீஸ்ல எல்லாரும் பேசினு இருக்காங்களேன்னு சொல்லலை."

அக்கா ஸ்டெல்லாவின் சேலையைப் பார்த்தாள். நைலக்ஸ். ஆட்டு ரோமத்தைப் பார்த்தாள். காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்த ஏ.சி.யைப் பார்த்தாள். அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக ஊரெல்லாம் தேடிய திருடன் கையும் களவுமாகக் கிடைத்துவிட்டான்.

"நைலானு!" என்றாள். "நான் சொல்லலை? நாள் பூரா நைலானு ரோமத்துல உரசினா, அந்தச் சிப்பு இன்னா பண்ணும், பாவம்! நீங்க மரியாதை பண்ணிப் பண்ணியே அதைச் சாவடிச்சிருக்கீங்க பாய்."

"அது எங்க ஃபர்ஸ்ட் குவாலிட்டி தோலும்மா..." சின்ன பாய் தோலைத் தடவிக்கொடுத்தார்.

"ஃபாரின்காரனுக்கு அனுப்புங்க. அவன் ஒக்காரட்டும்."

தோல் வெளியேறியது. மரநாற்காலி வந்தது. ஸ்க்ரூவெல்லாம் முடுக்கியாயிற்று. தேவராஜ் கொடியை இறக்கி பிளக்கை மாட்டினான். திரை கண் திறந்து, எழுத்து ஓடி, ஒற்றை 'பீப்' சத்தம் கொடுத்து நின்றது. சாயங்காலம் பிரிண்டர் கரகரவென்று கப்பல் பேப்பரைத் துப்பியபோது, தேவராஜ் விசிலே அடித்துவிட்டான். அந்த வாரம் ஓடியது. அடுத்த வாரமும் ஓடியது. அதற்கப்புறம் அது படுக்கவே இல்லை.

சின்ன பாய் வகுப்புக்கே வந்தார். வேலை அக்காவுக்குத்தான் என்று முடிவோடு வந்திருந்தார்.

"நான் சொந்தமா கடை போடப் போறேன் பாய்" என்றாள் அக்கா. "இவனை வெச்சுக்கங்க."

"இவனா? இவன் பயந்தாங்கொள்ளிம்மா."

"அதான் வெச்சுக்கச் சொல்றேன். பயந்தாங்கொள்ளி பிளக்கைப் புடுங்கிட்டுத்தான் தொடுவான். தைரியசாலியை வெச்சீங்கன்னா மிஷினும் போய்டும், ஆளும் போய்டுவான்."

என் பயத்துக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். பஃபிங் பிரிவைத் தாண்டி ஏ.சி. அறைக்குப் போன முதல் நாள், மேஸ்திரி எனக்கு வணக்கம் வைத்தார். திருப்பி வைக்கக் கையைத் தூக்கும்போதுகூட எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அக்கா கடை போட்டாள். வாலாஜாபேட்டை வரைக்கும் இயந்திரங்களையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் மிரட்டிக்கொண்டிருந்தாள். சில வருஷம் கழித்து எனக்குக் குடல்வால் ஆபரேஷன். வேலூரில் அவளுடைய பழைய ஆஸ்பத்திரி. மயக்கம் பாதி தெளியும்போது வாசல் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது. "மூடறதுக்கு முன்னாடி கவுண்ட் பாத்தீங்களா சிஸ்டர்? சரியா இருந்துச்சா? நிச்சயமா?"

பிறகு உள்ளே வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் தூங்குவதாக நினைத்திருக்க வேண்டும். கட்டிலின் இரும்புக் கம்பியை ஒரு தரம் தொட்டாள். அப்புறம்தான் என் கையைப் பிடித்தாள்.