லாரிக்கு முன்னால் நடந்த நக்கோ அண்ணன்

ஹைதராபாத்தில் லாரியை ஓட்டிய தூரத்தைவிட அதற்கு முன்னால் நடந்த தூரம் அதிகம் என்று சொல்லக்கூடிய ஒரே டிரைவர் நக்கோ அண்ணன்தான். நாமக்கல்காரர். 'நக்கோ' என்றால் அந்த ஊர் இந்தியில் வேண்டாம் என்று அர்த்தம். டீ சாப்பிடுகிறீர்களா என்றால் "நக்கோங்க" என்பார். சொல்லிவிட்டு இரண்டு டீ குடிப்பார். கூட ஒரு கிளீனர் வைத்துக்கொள்ளச் சொன்னால் மட்டும் அந்த நக்கோ நிஜமான நக்கோ.

நான் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் வேலையில் இருந்தேன். தடுக்கி விழுந்தால் சாஃப்ட்வேர் மாப்பிள்ளை என்றிருந்த காலம். என்னை யார் சீந்துவார்கள்? எப்படியோ ஹப்சிகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பம் பெண் தரச் சம்மதித்திருந்தது.

அந்த வாரம் அண்ணனோடு லோடு ஏற்றிப் போனேன். பேகம்பேட்டில் மழை பிடித்துக்கொண்டது. ரோடு எது, சாக்கடை எது என்று தெரியவில்லை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, கம்போடு இறங்கினார். கொஞ்ச தூரம் குத்திப் பார்த்து நடப்பார். திரும்பி வந்து அவ்வளவு தூரம் மட்டும் ஓட்டுவார். மறுபடி இறங்குவார். பின்னால் பேகம்பேட் மொத்தமும் ஹாரன் அடித்தது.

"நான் நடக்கிறேண்ணே, நீங்க ஓட்டுங்க."

"நக்கோங்க தம்பி. நீங்க எறங்குனா வண்டி இங்கயேதான் நிக்கும்."

மானம் போகிறதே என்று சீட்டில் சரிந்து உட்கார்ந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். எட்டிப் பார்த்தால், குடையோடு என் வருங்கால மாமனார்.

"வயசானவர் முழங்கால் தண்ணில நடக்குறாரு. நீங்க மேல உக்காந்து வேடிக்கை பாக்குறீங்களா?"

நான் சொன்ன விளக்கம் ஹாரன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுநாளே தரகர் போன் செய்தார். பெரியவர்களை மதிக்கத் தெரியாத பையனுக்குப் பெண் இல்லையாம்.

அண்ணனிடம் போய்க் கத்தித் தீர்த்தேன். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "அவிங்க வீட்டைக் காட்டுங்க" என்றார்.

ஹப்சிகுடா வீட்டில் உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றார்.

"தம்பி மேல தப்பில்லைங்க. முன்ன எங்கிட்ட ஒரு கிளீனர் இருந்தானுங்க. இதே மாதிரி மழை. நாந்தான் அவனை எறக்கிவுட்டு, முன்னால நடடான்னு சொன்னனுங்க. மூடியில்லாத சாக்கடைக் குழிங்க. பாத்துக்கிட்டே இருந்தனுங்க, ஆளைக் காணோம். அதுக்கப்புறம் ஆரையும் எறக்கறதில்லைங்க. எங்கூட்டுலகூட இதைச் சொன்னதில்லைங்க. சொல்ல எனக்கு மூஞ்சி இல்லைங்க."

மாமனார் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். என் சம்பந்தம் பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டிய நான் தலையைத் தூக்க முடியாமல் நின்றேன். எனக்கு ஒரு கல்யாணம் நடப்பதற்காக அந்த மனுஷனை இப்படிப் பேச வைத்துவிட்டேனே என்று இன்றைக்கும் கூசுகிறது.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தால் முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் அதை நக்கோ அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.