என் மீசையும் தங்கள் சார்ஜர் பெட்டியும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நானும் என் மீசையும் பூரண சுகம். அவ்விடம் தாங்களும், சம்பந்தி அம்மாவும், தங்கள் மின்சாமான் கடையும், அதில் தொங்கும் அத்தனை வயர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன வாரம் மருமகள் போனில், "மாமா, அப்பாகிட்ட சண்டை கிண்டை போட்டுராதீங்க" என்றாள். இது சண்டையில்லை சம்பந்தி, முடிவு அறிவிப்பு.

தங்களுக்கு மறந்திருக்காது. பிள்ளைகள் எங்களுக்கு மின்சாரக் கார் வாங்கிக் கொடுத்த அன்று, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பதினாலு பேர் முன்னிலையில், "வீட்டுலயே சார்ஜ் போடுங்க சம்பந்தி, வெளியே ஃபாஸ்ட் சார்ஜர்ல போட்டா ரெண்டரை மடங்கு ஆகும்" என்றீர்கள். சார்ஜர் பெட்டி விற்கிறவர் வேறு எப்படிச் சொல்வார் என்று நான் சும்மாதான் கேட்டேன். தாங்கள் சிரித்தீர்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பில்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறி, தராசில் கட்டைவிரலை வைத்து அமுக்குகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவன் நான். "ஒரு மாசம் வெளியே, ஒரு மாசம் வீட்டுல. கிலோமீட்டருக்கு எவ்வளவுன்னு அளந்துருவோம். வீடுதான் மலிவுன்னு வந்தா என் மீசையை எடுத்துடறேன்" என்று வாயை விட்டேன். வெளியேதான் மலிவு என்று வந்தால், தாங்கள் அன்பளிப்பாக மாட்டிய பெட்டியைக் கழற்றிக்கொண்டு, அதே பதினாலு பேர் முன்னால் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்வதாக ஒப்புக்கொண்டீர்கள். இந்த மீசை என் கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்தது. என் மனைவிகூட அது இல்லாத முகத்தைப் பார்த்ததில்லை. ஆகவே இரண்டு மாதமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் நம்புங்கள்.

முதல் மாதம் வெளியே. வெள்ளிக்கிழமைதோறும் மனைவியோடு ஆறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய், அந்த இயந்திரத்தின் முன் நின்றோம். அதன் கேபிள் இருக்கிறதே, தூக்கிச் செருகுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் சும்மா இருப்பேனா? அளவு முத்திரை எங்கே, கடைசியாகச் சரிபார்த்தது எப்போது என்று காவலாளியிடம் கேட்டேன். அவர், "எனக்குக் கூட்டிப் பெருக்குறதுதான் சார் வேலை" என்றார். இயந்திரத்தைச் சுற்றி வந்து குனிந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் காத்திருந்த டாக்சிக்காரர், "ஐயா, சார்ஜ் ஏத்த வந்தீங்களா, ரெய்டு வந்தீங்களா?" என்று கேட்டார். எண்பது சதவீதத்துக்கு மேல் அது சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும் என்பது எனக்குத் தெரியாது. நூறு ஆகாமல் நகரமாட்டேன் என்று நான் நிற்க, எனக்குப் பின்னால் ஏழு வண்டி நிற்க, வரிசையில் இருந்த நர்ஸ் ஒருவர் இறங்கி வந்து, நோயாளியிடம் சொல்வதுபோல் மெதுவாக, "போதும்பா, கிளம்புங்க" என்றார். அன்று முதல் எண்பதோடு சரி. காத்திருக்கும் நேரத்துக்கு அங்கே ஒரு டீக்கடை உண்டு, வெளியே இரும்பு பெஞ்சு உண்டு. வேறு வேலை ஏது, நானும் என் மனைவியும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். டீயைக் கணக்கில் சேர்க்கவில்லை. வயிற்றுக்குள் போனது வண்டிக்குள் போனதாகாது. யூனிட்டுக்கு இருபது ரூபாய் வீதம் ஐம்பது யூனிட், ஆக ஆயிரம். ஓடியது முன்னூறு கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு மூன்றே சொச்சம். நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு மூடினேன். உள்ளுக்குள் மீசைக்குப் பிரியாவிடை கொடுத்துவிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. வீட்டில் யூனிட் எட்டுதானே!

இரண்டாம் மாதம் வீட்டில். இங்கேதான் சம்பந்தி, கதை திரும்புகிறது, கேளுங்கள். தினமும் காலையில் தங்கள் பெட்டியில் போட்டு எண்பதுக்கு ஏற்றுவேன். மதியம் இரண்டு மணிக்கு நோட்டில் 'எண்பது' என்று எழுதிவிட்டுக் கண்ணயர்வேன். ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் எழுபத்திரண்டு! வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, சக்கரம் அசையவில்லை, எட்டு சதவீதத்தைக் காணோம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். தங்கள் பெட்டி திருடுகிறதோ என்று என் பழைய அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட மீட்டரைக் கடன் வாங்கி வைத்துப் பார்த்தேன். சொட்டுக்கூடப் பிசகவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பெட்ரோல் ஆவியாவதுபோல மின்சாரமும் வெயிலில் ஆவியாகிறது என்றுதானே அர்த்தம்? மகனிடம் சொன்னேன். "அப்பா, மின்சாரம் ஆவியாகாதுப்பா" என்றான். "அப்ப எட்டு எங்கடா போச்சு?" என்றேன். பொறியாளர் என்றுதான் பெயர், பேச்சை மாற்றிவிட்டான். இதுபோக முன்சீட்டு தானாகப் பின்னால் சாய்ந்துகொள்கிறது. சீட்டுக்கடியில் வேர்க்கடலைத் தோல் கிடந்தது. அணில் புகுந்து வயரைக் கடிக்கிறதோ என்று வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்து, எழுந்திருக்க முடியாமல், பக்கத்து வீட்டு டீச்சரம்மாவும் என் மனைவியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்துப்போட்டார்கள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொளுத்துகிற வெயிலில் நான் சட்டை நனைந்து கிடக்க, இவள் மட்டும் பூத்த முகமாக ஐந்து மணிக்கு டீயோடு வந்து, "இன்னைக்கு எவ்வளவுங்க குறைஞ்சுது?" என்று விசாரிப்பாள். என் ஆராய்ச்சியில் இத்தனை அக்கறை காட்டிய ஒரே ஜீவன் அவள்தான்.

முடிவு: அதே முன்னூறு கிலோமீட்டருக்கு வீட்டில் ஏற்றியது நூற்றைம்பது யூனிட். எட்டு வீதம் ஆயிரத்து இருநூறு. கிலோமீட்டருக்கு நாலு! வெளியே மூன்றே சொச்சம், வீட்டில் நாலு. தோற்றுவிட்டீர்கள் சம்பந்தி! வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஸ்க்ரூடிரைவரோடு வாருங்கள். தாங்கள் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீடூழி வாழ என் ஆசிகள். தோல்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
ஒரு முடிகூடக் குறையாத மீசையுடன்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் பெருமையாக என் மனைவிக்கு இதை வாசித்துக் காட்டினேன். 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்ற இடம் வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ பாவங்க அவரு. நான்தான்" என்றாள். மதியம் நான் தூங்கிய உடனே, அவளும் டீச்சரம்மாவும் காரில் ஏறி, ஏசியைப் போட்டு, சீட்டைச் சாய்த்து, பாட்டுக் கேட்டுக்கொண்டு கடலை கொறித்திருக்கிறார்கள். தினமும் மூன்று மணி நேரம். "எதுக்குடி?" என்று கத்தினேன். "வீட்டுல செலவு ஜாஸ்தின்னு வந்தாத்தானே மறுபடி வெள்ளிக்கிழமை வெளியே போவீங்க? வா, டீ குடிக்கப் போலாம்னு நான் கூப்பிட்டா, அதுக்கு எதுக்கு ஆறு கிலோமீட்டர்னு கேப்பீங்க. அந்த பெஞ்சுலதாங்க நீங்க எதையும் அளக்காம என்கிட்ட பேசுனீங்க" என்றாள். என் வீட்டுத் தராசிலேயே கட்டைவிரல், சம்பந்தி, நான் பிடிக்கவில்லை! ஏசி தின்ற நூறு யூனிட்டைக் கழித்தால் கிலோமீட்டருக்கு ஒன்றே சொச்சம்தான். ரெண்டரை மடங்கு என்று தாங்கள் சொன்னது அச்சு அசலாகச் சரி. எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. இந்தப் பின்குறிப்பை மீசை இல்லாமல் எழுதுகிறேன். அவள் அரை மணி நேரமாக என்னையே பார்த்துக்கொண்டு, "இவ்வளவு நாளா இந்த முகத்தை எங்கங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பெட்டி இருக்கட்டும், இனி வண்டிக்கு வீட்டுச் சார்ஜ்தான். வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே போகிறோம். அதற்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்காதீர்கள், நோட்டை அவள் வாங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.