பெரில் அம்மாளின் பீட்ரூட் ஒயின்

சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில், பெட்டிகளைச் சோதிக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, தன் பாட்டிலை யாராவது பறிமுதல் செய்ய மாட்டார்களா என்று டெஸ்மண்ட் ஏங்கிக்கொண்டிருந்தார்.

"பையில பாட்டில் இருக்கு" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

சோதனை செய்யும் பெண் திரையைப் பார்த்தாள். "தெரியுது கண்ணு. ஒயின்தானே?"

"வீட்டுல செஞ்சது. பீட்ரூட்ல. லேபிள்கூட கையால எழுதினதுதான் பாரு. உள்ள என்ன இருக்குன்னு என்னால உத்தரவாதம் தர முடியாது."

"ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுபோகலாம் கண்ணு. ஜாலியா குடி."

"நீ பிடுங்கி வெச்சுக்கிட்டாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"சேச்சே, அப்படியெல்லாம் பண்ணுவோமா!" அவள் பாட்டிலின் கழுத்தில் அறை எண் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டி, குழந்தையைக் கொடுப்பதுபோல் அவர் கையில் கொடுத்தாள். பிறகு பையின் பக்கவாட்டில் கையை விட்டு கார்க் ஸ்குரூவை வெளியே எடுத்தாள். "இதுதான் ஆகாது. கத்தி வெச்சது."

திறக்கிற சாமான் போய்விட்டது. திறக்கக் கூடாதது கையிலேயே இருந்தது.

பார்ன்ஸ்லியில் முப்பது வருடம் மரச்சாமான் கடை வைத்திருந்தவர் டெஸ்மண்ட். ஒரே மகள் ஹேஸலுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ரோரி தங்கமான பையன். அவனுடைய அம்மா பெரில் டக்கெட்டும் தங்கமான பெண்மணிதான், அவள் செய்ததை யாரும் வேண்டாம் என்று சொல்லாத வரைக்கும். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் செய்த புட்டிங்கைத் தட்டில் மிச்சம் வைத்த பாவத்துக்காக, கூடப் பிறந்த தம்பியுடனேயே இன்றுவரை பேச்சு கிடையாது.

அப்படிப்பட்ட சம்பந்தியம்மா, புறப்படும் அன்று வீடு தேடி வந்து பாட்டிலை நீட்டினாள். "கப்பல் சாப்பாட்டுக் கூடத்துல வெச்சுத் திறக்கணும். ரெண்டு பேரும் கையில கிளாஸோட ஒரு போட்டோ அனுப்பணும். சரியா?"

நிச்சயதார்த்தத்தன்று அதே பீட்ரூட் ஒயினை டெஸ்மண்ட் ஒரு கிளாஸ் குடித்திருந்தார். அடுத்த இரண்டு நாளும் குளியலறைக் கதவைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மனைவி கிளெனிஸ் மட்டும், கார் ஓட்ட வேண்டும் என்று சொல்லி அன்று குடிக்காமல் தப்பித்துவிட்டார். அதனால் புருஷன் சொன்னதை நம்பவும் இல்லை.

"அது ஒயினால இல்ல, டெஸ். ஒரு தட்டு இறாலைத் தனியா முடிச்சியே, அதனாலதான்" என்றார் இப்போதும், கப்பல் அறைக்குள் வந்து பெட்டியைத் திறந்தபடி.

"இறால் அந்த நிறத்துலயா வரும்?"

"எனக்கு அதெல்லாம் சொல்லாதே."

கிளெனிஸ் கப்பலைச் சுற்றிப் பார்க்கப் போன நேரத்தில், ஒயினைக் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிட்டுப் பாட்டிலில் வேறு எதையாவது நிரப்பிவிடலாம் என்று டெஸ்மண்டுக்குத் தோன்றியது. கார்க்கை உள்ளே தள்ள, மனைவியின் பல் துலக்கும் பிரஷைத் திருப்பிப் பிடித்து அழுத்தினார். கார்க் அசையவில்லை. பிரஷ் இரண்டாக ஒடிந்தது.

"என் பிரஷ் எங்க, டெஸ்?"

"கப்பல் ஆடுச்சு. விழுந்திருக்கும்."

"கப்பல் இன்னும் கிளம்பவே இல்லியே!"

மறுநாள் காலை நடை போகிற சாக்கில் பாட்டிலைக் கோட்டுக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போய், ஆளில்லாத லிஃப்டின் மூலையில் வைத்துவிட்டு ஓடி வந்தார். தொலைந்துபோன பாட்டிலுக்கு யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. சம்பந்தியம்மா கண் கலங்குவாள். அவரும் கூட நின்று கலங்கலாம்.

டீ ஆறுவதற்குள் கதவு தட்டப்பட்டது. அறைப் பணியாளர் வெள்ளித் தட்டில் பாட்டிலைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். "சீட்டுல அறை எண் இருந்ததால பிழைச்சது, சார். நல்லாத் தேடியிருப்பீங்க, பாவம்."

கிளெனிஸ் பாட்டிலையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எப்படி லிஃப்டுக்குப் போச்சு?"

"அதான் எனக்கும் புரியல."

கிளெனிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார். "டெஸ், உனக்கு மறதி ஏதாவது வந்துடுச்சா? ஹேஸல்கிட்ட சொல்லணுமா?"

டெஸ்மண்ட் யோசித்தார். சாப்பாட்டு மேஜையில் அவர்களுடன் கார்டிஃபிலிருந்து வந்த ஹியூ என்பவரும் அவர் மனைவியும் உட்காருவார்கள். முந்தின இரவு, அந்த ஹியூ, கப்பலில் கொடுத்த எதையும் விடாமல் வழித்துச் சாப்பிட்டார். அந்த வயிறு எதையும் தாங்கும். மத்தியானம் மேல்தளத்தில் அவரைத் தனியாகப் பிடித்து, "எங்க சம்பந்தியம்மா கையால செஞ்ச ஒயின். உங்களைப் பார்த்ததுமே கொடுக்கணும்னு தோணிச்சு" என்று பாட்டிலை நீட்டினார்.

ஹியூ நெகிழ்ந்துபோனார். கட்டிப் பிடித்தார். "நாம பழகி ஒரு நாள்தானே ஆகுது!"

"ரூம்லயே வெச்சுக் குடிச்சிடுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அன்று இரவு எல்லோரும் கோட்டும் சூட்டுமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மேஜையில் எட்டுப் பேர். ஹியூ எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"நம்ம டெஸ்மண்ட் இன்னிக்கு ஒரு காரியம் பண்ணினார். சம்பந்தி வீட்டுல கையால செஞ்ச ஒயினை எனக்குத் தூக்கிக் கொடுத்துட்டார். அதை நான் மட்டும் குடிச்சா எனக்கே அடுக்காது. இங்கயே திறந்து எல்லாரும் குடிக்கிறோம்!"

மேஜை கைதட்டியது. கிளெனிஸ் மேஜைக்கடியில் காலால் உதைத்தார். "பெரில் கொடுத்ததைத் தூக்கிக் கொடுத்தியா? கல்யாணம் நடக்கணும்னு உனக்கு எண்ணமே இல்லியா?"

"எல்லாருமா பகிர்ந்து குடிக்கலாம்னுதான்..."

"கொடுத்தது கொடுத்தாச்சு. இப்ப எட்டுப் பேரும் சேர்ந்து போட்டோ எடுத்துடலாம். அவளுக்கும் பெருமையா இருக்கும்."

ஒரு வயிற்றோடு முடிய வேண்டியது எட்டு வயிறாகிவிட்டது. டெஸ்மண்ட் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து, ஒயின் பரிமாறும் ஃபெலீசியோவைக் கூடத்தின் ஓரத்தில் மடக்கினார். கோவாக்காரர், நரைத்த மீசை, கசங்காத வெள்ளைக் கோட்டு. பயணிகள் கொண்டுவரும் பாட்டில்களை இங்கே திறந்து ஊற்ற வேண்டுமென்றால் கப்பலுக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். திறப்பது ஃபெலீசியோவின் வேலை.

"அந்த பாட்டில் உங்க கைக்கு வரும்" என்றார் டெஸ்மண்ட், குரலைத் தாழ்த்தி. "திறக்கிறப்ப கை தவறி கீழ போட்டுடுங்க. கட்டணத்தை நான் முழுசாக் கட்டிடறேன்."

ஃபெலீசியோவின் முகம் மாறியது. "கீழ போடறதா? இத்தனை வருஷத்துல நான் ஒரு பாட்டிலைக்கூடக் கீழ விட்டதில்லை, சார். அப்பா பேரைச் சொல்லித் திட்டினா மாதிரி இருக்கு."

"அதுக்கில்ல..."

"நீங்க போய் உட்காருங்க, சார்."

டெஸ்மண்ட் போய் உட்கார்ந்தார். ஃபெலீசியோ மேஜைக்கு வந்து, லேபிளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பாட்டிலை உள்ளே எடுத்துப் போனார். திரும்பி வரும்போது அதிலிருந்து எட்டுக் கிளாஸிலும் ஊற்றினார். டெஸ்மண்ட் முகத்தை மட்டும் பார்க்கவேயில்லை.

போட்டோ எடுக்கப்பட்டது. வேறு வழியில்லாமல் டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு விழுங்கினார்.

கண்ணைத் திறந்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

ஒயின் பட்டுப்போல் இறங்கியது. பழவாசனை மூக்கில் நின்றது.

"அடேங்கப்பா!" என்றார் ஹியூ. "இதுவா பீட்ரூட்?"

பக்கத்து மேஜைக்காரர் திரும்பி, எந்த ஊர் ஒயின் என்று விசாரித்தார். கிளெனிஸ் தன் கிளாஸைக் காலி செய்துவிட்டுக் கணவர் கிளாஸுக்குக் கை நீட்டினார். "இறால்னு சொன்னேன்ல?"

டெஸ்மண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. நாக்கு பொய் சொல்கிறதா, அன்று வயிறு பொய் சொன்னதா? இரண்டு நாளாகத் தான் செய்த திருட்டு வேலைகளை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நல்ல பெண்மணியின் உழைப்பை லிஃப்டில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். உடனே செல்போனை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக சம்பந்தியம்மாவுக்குத் தானாகவே செய்தி அனுப்பினார். போட்டோவோடு, இப்படி ஒரு ஒயினைத் தான் குடித்ததே இல்லை என்றும், இதை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பது அநியாயம் என்றும் எழுதினார்.

சீஸ் தட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. கிளெனிஸ் சத்தமாகப் படித்தார்.

"'டெஸ்மண்ட், உங்க செய்தியை என் வீட்டுக்காரர் நார்மனுக்குப் படிச்சுக் காட்டினேன். கல்யாணத்துக்குப் பிரெஞ்சு ஒயின்தான் வேணும்னு ஒரு மாசமா என் உயிரை வாங்கினார். இப்ப வாயை மூடிட்டார். கடைக்காரனுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் வேண்டாம்னு சொல்லிட்டேன். கேரேஜ் நிறைய நம்ம ஒயின் இருக்கு. வர்ற நூத்திருபது பேருக்கும் அதேதான். முதல் கிளாஸை நீங்கதான் தூக்கணும்.'"

மேஜை மறுபடியும் கைதட்டியது. இனி சம்பந்தி வீட்டோடு ஒரு மனஸ்தாபமும் வராது. ஹேஸல் நிம்மதியாக இருப்பாள்.

எல்லோரும் எழுந்த பிறகு அவர் நேராக ஃபெலீசியோவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க. உங்களைப் போய்க் கீழ போடச் சொன்னேனே. எவ்வளவு அருமையான ஒயின்! கல்யாணத்துல எல்லாருக்கும் இதான் ஊத்தப் போறோம்."

ஃபெலீசியோ பதறிப்போய் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஐயோ, அது எங்க கப்பல் ஒயின், சார்! உங்களுது அடிச்ச வாடையில அப்படியே தொட்டியில கொட்டிட்டு, உங்க மானம் போகக் கூடாதுன்னு நம்மளதை ஊத்தினேன். போன வருஷம் டக்கெட் அம்மான்னு ஒருத்தங்க இதே லேபிளோட வந்தப்பவும் அப்படித்தான் செஞ்சேன். பாவம், தன் கைக்கு இவ்வளவு ருசியான்னு அந்தம்மா அழுதே விட்டாங்க!"